வெட்ட வெளிச்சம்

கடைசிப் புதரையும் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, பின்தெரு மாடியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு சலாம் சொன்னார்.

மூன்று மாடி வீடு அது, புதுசு. துவைத்த கைலியை உதறிக் காயப்போட வந்தவர், கீழே ஒரு மனிதன் நிற்கிறானே என்று மரியாதைக்குக் கையை உயர்த்தியிருக்கிறார். நானும் அரிவாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு பதில் சலாம் சொன்னேன். பங்குனி வெயில். பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆனால் எனக்கு அப்போது இருந்த பெருமையை என்னவென்று சொல்ல! நேற்றுவரை நடுப்பகலிலும் இருட்டிக் கிடந்த இடம். இன்று மூன்றாவது மாடிக்காரர் முகம் பார்த்து சலாம் சொல்கிறார்.

அந்த நேரத்தில்தான் என் மனைவி மைமூன் வந்து சேர்ந்தாள். மேலப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தவள், கையில் பையோடு அப்படியே அடுக்களையைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்தாள். பார்த்தவுடன் அசந்துபோகட்டும் என்றுதான் அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வேலையை வைத்திருந்தேன்.

அசந்துதான் போனாள். தரையைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"வெட்ட வெளிச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பகலில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததேயில்லை.

பெட்டியோடு வந்தவன்

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனாலும் பெண் பிறந்த வீட்டைவிட்டுப் போகமாட்டாள் என்பதை இந்தத் தொடரில் முன்பே எங்கேயோ சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வீடு பெண்ணுடையது. முன்வாசல் ஆண்களுக்கு, பின்வாசல் பெண்களுக்கு. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பின்பக்கமாகவே போய்வந்துவிடுவார்கள். தெருவில் கால் வைக்க வேண்டியதில்லை.

என் மாமியார் தன் இரண்டு பெண்களுக்கும் முதுகோடு முதுகாக இரண்டு வீடு கொடுத்தார். நடுவில் ஒரு மனையைப் பொதுவில் விட்டுவைத்தார். அந்தப் பக்கத்து வீட்டில் மைமூனின் அக்கா ஸைனம்பு. மைமூனுக்கு லாத்தா, எனக்கு மைனி. இந்தப் பக்கம் நாங்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், விவரம் தெரியாமல் கால் கழுவப் பின்பக்கம் போய்விட்டேன். கிணற்றடியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓட, யாருடைய செம்போ உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மறுநாள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டேன். லீவில் வந்தால் முன்னறையில் விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, தட்டு காலியாகுமுன் இன்னொரு கரண்டி போடுவார்கள். மைனி வந்தால் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்கும், "மாப்பிள நல்லா இருக்காகளா?" என்று. எந்த வழியாக வந்தார், எந்த வழியாகப் போனார் என்று நான் யோசித்ததில்லை.

அறுபதைத் தொட்ட பிறகும் அந்த வீட்டில் நான் மாப்பிள்ளைதான். விருந்தாளிக்கு ஒரு படி மேல். ஆகவே வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இந்த வீட்டில் என் கைபட்ட இடம் என்று ஒன்று வேண்டும்.

புல்லுக்கு வகிடு எடுத்தவன்

அங்கே என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பவர்களுக்கு, பாலைவனத்தில் புல் வளர்த்தேன் என்று சொல்வேன். சிரிப்பார்கள். உண்மை அதுதான். நெடுஞ்சாலை நடுவில் பூச்செடி, பெரிய வீடுகளுக்கு முன்னால் புல்தரை, பேரீச்சை மரங்களுக்கு வரிசை. நான் மேஸ்திரி. எனக்குக் கீழே நாலைந்து தேசத்து ஆட்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு சட்டம். எதுவும் தன் இஷ்டத்துக்கு வளரக்கூடாது. ஒரு கொடி கம்பியைத் தாண்டித் தலையை நீட்டினால் மேலதிகாரி காரை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கண்ணோடு பார்த்துப் பழகியவன், ஊருக்கு வந்து பின்பக்க மனையைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

சீமை உடைமரம் இரண்டு பக்கமும் வளர்ந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்கு மேல் கோவைக்கொடி. கீழே நொச்சி, எருக்கு, ஆமணக்கு, பெயர் தெரியாத முள். சன்னலைத் திறந்தாலே எனக்குக் கை அரிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசியாக வந்தபோது எல்லோரும் கார்கோவில் மிட்டாயும் பால்மாவும் போர்வையும் அனுப்புவார்களே, நான் சொட்டுநீர்க் குழாயைச் சுருள் சுருளாகக் கட்டி அனுப்பியிருந்தேன். பெட்டியைப் பிரித்த மைமூனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

செல்லத்துரையின் சந்தேகம்

வெட்டுவதற்குத் திசையன்விளைப் பக்கத்திலிருந்து செல்லத்துரை என்று ஓர் ஆளைப் பிடித்தேன். வேலையில் சூரன். பேச்சில் அதைவிட.

"பாய், பூராவும் அடிச்சுத் தூத்துருவோமா, இல்ல அங்கன இங்கன விடணுமா?"

"ஒரு குச்சி நிக்கப்படாது லே."

"பூச்சி பொட்டு கெடக்கும், பைய வாங்க. வெறுங்கால வைக்காதிய."

நானும் அவனும் சேர்ந்து இறங்கினோம். உடை முள் குத்தினால் விண்விண் என்று தெறிக்கும். இரண்டு பேர் கையும் கீறல் கோலமாகிவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், பச்சை மரம் விழுகிற சத்தத்தில் ஒரு போதை இருக்கிறது. ஒன்று விழுந்தால் அடுத்ததைத் தேடிக் கண் போகும்.

பாதி வேலையில் செல்லத்துரை நின்றான். "பாய், இங்கன ஒத்தையடிப் பாத மாதிரி தெரியுதே."

வந்து குனிந்து பார்த்தேன். புதருக்கு அடியில் மணல் அழுந்தி, வழுவழுவென்று ஒரு தடம் இருந்தது. அனுபவசாலிகள் இரண்டு பேர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆராய்ந்தோம்.

"ஆடு போயிருக்கும் லே" என்றேன்.

"ஆமா பாய், ஆடுதான்" என்றான்.

ஆட்டுத் தடத்துக்கு மேலே இருந்த கூரையையும் வெட்டிப் போட்டோம்.

அந்த ஆடு

அன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தேன். சாயா வந்தது. பேச்சு வரவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் பின்பக்கம் இரண்டு பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"லாத்தா வரலியா?"

"எப்படி வருவா?"

"ஏன், வழிதான் நல்லாத் தெரியுதே."

மைமூன் தம்ளரைக் கீழே வைத்தாள். "வழி தெரியுது. போற ஆளும் தெரியும்லா? மாடியில நிக்கவுகளக் குத்தம் சொல்லி என்ன. அவுக துணி காயப்போட எங்க போவாக?"

எனக்குப் பைய உறைத்தது. "அங்கன பாத மாதிரி ஒண்ணு இருந்திச்சு. ஆட்டுப் பாதன்னு நெனச்சோம்."

"அந்த ஆடு நாந்தான்" என்றாள். "லாத்தாவும்."

மாடி எழும்ப ஆரம்பித்தபோதே இரண்டு பேரும் பேசிவைத்து, புதரை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கோவைக்கொடியைக் கையால் எடுத்து மரத்தின்மேல் ஏற்றிவிட்டதுகூட மைமூன்தான். நான் காடு என்று நினைத்தது ஒரு பந்தல். நான் வெளிநாட்டில் இருந்த அத்தனை வருஷமும் சாயங்காலம் ஆனால் மைனி அந்த வழியாக வந்திருக்கிறார். மைமூனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்ததும் அந்த வழிதான்.

தெருவைச் சுற்றி வரலாமே என்பீர்கள். மைனிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. புர்கா போட்டுக்கொண்டு வெயிலில் இரண்டு தெரு சுற்றி நடக்க அவரால் முடியாது. ஒரு தடவை வந்தார். திரும்பிப் போனதும் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்தவர்தான், பிறகு வரவில்லை.

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு அக்காவும் தங்கையும் செல்போனில் பேசினார்கள். "என்னது, சத்தமா சொல்லு லாத்தா, குக்கர் சத்தத்துல கேக்கல" என்று மைமூன் கத்துவாள். பிறகு போனை வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

இத்தனை வருஷம் நான் இல்லாத வீட்டில் அவளுக்குத் துணையாக இருந்தது ஒரே ஓர் ஆள். நான் வந்து சேர்ந்த கையோடு அந்த ஆள் வரும் வழியை வெட்டிவிட்டேன். இது சரியாகாவிட்டால் இந்த வீட்டில் நான் கடைசிவரை விருந்தாளிதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது.

பச்சை வலை

உட்கார்ந்து புலம்புகிற ஆள் நானில்லை. மறுநாளே கடைக்குப் போய்ப் பச்சை வலை வாங்கி வந்து, கம்பு நட்டு, பாதைக்கு மேலே இழுத்துக் கட்டினேன்.

கடல்காற்று அதை விட்டுவைக்குமா? பகலெல்லாம் படபடவென்று அடித்தது. சாயங்கால வெயில் பட்டபோது உள்ளே நிற்கிற ஆளின் உருவம் அப்படியே நிழலாக விழுந்தது. மைனி தன் பின்கதவைத் துளி திறந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே கேட்டார்.

"ஏ மைமூன், உன் மாப்பிள இங்கன கட்டடம் கட்டப் போறாகளா?"

வலையைக் கழற்றினேன். தகரம் போடலாமா என்று கேட்டதற்கு, "போடுங்க, ரெண்டு பேரும் வெந்து வந்து சேருதோம்" என்று மைமூன் சொன்னாள். அவள் என்னிடம் கிண்டலாகப் பேசி நாளாகியிருந்தது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

வெட்டியது செடி. அதற்கு ஈடாகச் செடியைத்தான் வைக்க வேண்டும். வளர்க்க எனக்குத் தெரியும். ஐம்பது டிகிரி வெயிலில் புல்லைப் பச்சையாக நிறுத்தியவனுக்குக் காயல்பட்டினத்து மணல் ஒரு பொருட்டா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தமாகவும் சொன்னேன் போலிருக்கிறது. அடுக்களையில் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

கத்திரி

சவுக்குக் கம்பு நட்டு, மேலே கம்பி ஓட்டி, எங்கள் பின்கதவிலிருந்து மைனியின் பின்கதவுவரை பந்தல் போட்டேன். மாடியைப் பார்த்த பக்கத்தில் தரைவரை கயிறு இறக்கினேன். செல்லத்துரை வந்து குழி எடுத்துக் கொடுத்தான். "வெட்டுறதுக்கும் கூப்பிடுதிய, நடுறதுக்கும் கூப்பிடுதிய. நல்லா இருக்கு பாய் உங்க கத" என்றான்.

மணலில் தண்ணீர் நிற்காது. குழிக்கு அடியில் தேங்காய் மட்டையைப் பரப்பி, சாணமும் இலைக்குப்பையும் போட்டு நிரப்பினேன். பீர்க்கு, சுரை, பாகல் விதை போட்டேன். மிட்டாய்க்குப் பதிலாக வந்த குழாய்ச் சுருள்கள் அப்போதுதான் வெளியே வந்தன. கிணற்றுத் தண்ணீர் சற்று உப்பு. அரிசி கழுவிய தண்ணீரையும் சேர்த்துத் தொட்டியில் ஊற்றிவிட்டால் செடி முகம் சுளிக்காமல் குடித்தது.

சித்திரையில் வெயில் ஏறியது. கத்திரி பிறந்ததும் மணல் செருப்பையும் மீறிச் சுட்டது. நாற்றுகளுக்கு ஓலைக் கீற்றைக் குடையாகச் சாய்த்து வைத்தேன். விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தால் வெயில் ஏறும்வரை அங்கேதான். மத்தியானம் வண்டு வரும். சிவப்பு வண்டு, பிஞ்சு இலையைச் சல்லடையாக்கிவிடும். ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுவேன். போடும்போது என்னென்ன வார்த்தை வந்ததோ, அதை இந்த வார இதழில் எழுத முடியாது.

ஒருநாள் மேலக்காற்று கிளம்பி ஒரு பக்கக் கம்புகளைச் சாய்த்துவிட்டது. சுரைக்கொடி முறிந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது மனசு விட்டுப்போனது. திண்டாடித்தான் நின்றேன். பிறகு இன்னும் ஆழமாகக் குழி எடுத்து, கம்பைத் திரும்ப நட்டேன்.

அந்தக் குழியில்தான் அதைப் பார்த்தேன். கோவையின் கிழங்கு. நானும் செல்லத்துரையும் தோண்டியும் அகப்படாமல் ஆழத்தில் கிடந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு தளிர், விரல் நீளத்துக்கு, கயிற்றைத் தேடிக்கொண்டு வந்திருந்தது. அதற்கு நான் தண்ணீர் விடவில்லை, உரம் போடவில்லை. ஆனாலும் என் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். பீர்க்கை முந்திக்கொண்டு பந்தலின் மேலே ஏறியது அதுதான்.

வைகாசி கழிவதற்குள் மேலே பச்சை மூடியது. மஞ்சள் பூ. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது, அப்புறம் துண்டும் தெரியவில்லை. நான் மாடி வீட்டுக்கே ஏறிப்போய், அந்த சலாம்காரரிடம் அனுமதி கேட்டு, மேலிருந்து எட்டிப் பார்த்தேன். இலை தவிர ஒன்றுமில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு பாய்" என்றார் அவர்.

"உங்களுக்காகத்தான்" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். நான் விளக்கம் சொல்லவில்லை.

இலைக்கு இந்தப் பக்கம்

சரியாகிவிட்டது என்று நான் மைமூனிடம் சொல்லவில்லை. அவளே பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவளும் சொல்லவில்லை.

ஒருநாள் சாயங்காலம், பந்தலின் மாடிப் பக்கத்தில், கொடிக்கும் மதிலுக்கும் இடையே குந்தியிருந்து பாகலைக் கயிற்றில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. காலடி. ஒரு கால் அழுத்தமாக, மற்றது இழுத்து.

"பைய வா லாத்தா, கயிறு இருக்கு, தட்டிரப் போவுது" என்றது மைமூனின் குரல்.

அந்த நொடியிலேயே தொண்டையைச் செருமியிருக்க வேண்டும். காலடியைக் கேட்ட சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். அதற்குள் இரண்டு பேரும் பந்தலுக்கடியில் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் செருமினால் மைனி எழுந்து ஓட வேண்டும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடுவார்? நான் அசையாமல் குந்தியிருந்தேன்.

மேலப்பாளையத்துக் கல்யாணத்துப் பிரியாணியில் உப்பு குறைவு என்பதிலிருந்து தொடங்கினார்கள். பேச்சில் சீலா மீன் வந்தது. மருந்து வந்தது. மைமூன் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது, சொல்வதற்கு வெட்கமில்லை.

"உன் மாப்பிள எங்க?"

"தொழப் பள்ளிக்குப் போயிருப்பாக."

"உள்ளதச் சொல்லு" என்றார் மைனி. "அவுக அங்கனயே இருந்திருந்தா உனக்கு ஒரு தொல்லையும் இல்லல்லா? வந்தாக, வெட்டுனாக, ரெண்டு மாசம் நம்மளப் பிரிச்சு வச்சிட்டாக."

நான் கையில் பிடித்திருந்த கொடியை விடாமல் காத்திருந்தேன்.

"அப்படி இல்ல லாத்தா. முன்னாடி நீ ஒரு நாள் வரலன்னா எனக்கு வீடே பயமா இருக்கும். வெளக்கெல்லாம் போட்டு வச்சிட்டு உக்காந்திருப்பேன். இப்ப ரெண்டு மாசம் நீ வரல. ஏக்கமாத்தான் இருந்திச்சு. ஆனா பயமா இல்ல. அடுக்களச் சன்னல்ல நின்னு பாப்பேன். அந்த வேகாத வெயில்ல ஒரு மனுஷன் குந்தியிருந்து வண்டத் திட்டிக்கிட்டு இருப்பாக. நீ வரணும்னுதான் அம்புட்டும். எனக்காக ஒருத்தர் இப்படிக் கெடந்து பாடுபடுததை நான் கண்ணால பாத்ததே இல்ல லாத்தா. அனுப்புன சாமான்தான் பாத்திருக்கேன்."

மைனி கல்லைவிட்டு எழுந்தார். பிறகு ஒரு பீர்க்கங்காயைத் திருகுகிற சத்தம் கேட்டது. "எளசா இருக்கு. கொழம்புக்கு எடுத்துக்கிடுதேன்" என்றார். இழுத்து நடக்கிற கால் அந்தப் பக்கம் போனது. தாழ்ப்பாள் விழுந்தது.

நான் கையிலிருந்த கொடியை விட்டேன்.

"போதும், வெளிய வாங்க" என்றாள் மைமூன், இலைகளைப் பார்த்து. "கால் மரத்திருக்கும்."

மரத்துத்தான் போயிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அவள் கொடியை விலக்கிக் கை கொடுத்தாள்.